சிறுநீரகச் சம்பந்தம்

டிரைவிங் டீச்சர் தன் வாழ்நாளில் எந்தப் பரீட்சையிலும் தோற்றதில்லை. அடுத்தவரைத் தோற்கடித்துத்தான் பழக்கம். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் பாதிப் பேரை, "உங்களுக்கு இன்னும் ஒரு மாசம் ஆகும்" என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்புகிறவள். அப்பேர்ப்பட்டவளை அவளுடைய சொந்த ரத்தமே ஃபெயிலாக்கிவிட்டது. வீட்டுக்காரருக்குத் தன் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுத்துவிடுகிறேன் என்று வீராப்பாகப் போய்க் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள் பொருந்தாது என்றார்கள். அவளுடையது ஏ வகை, அவருடையது பி வகை.

"பதினாறு வருஷமா ஒண்ணா குடும்பம் நடத்தறோம். அதெல்லாம் பொருந்துச்சு, இது பொருந்தாதா?" என்று டாக்டரிடமே சண்டைக்குப் போனாள்.

"குடும்பம் நடத்த ரத்தம் பொருந்த வேண்டியதில்லைம்மா," என்றார் பெரிய டாக்டர். "கிட்னிக்குப் பொருந்தணும்."

பக்கத்து நாற்காலியில் இருந்த வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அவருக்குச் சிரிக்க ஒரு காரணம் கிடைத்தால் போதும். அவர் வண்ணமீன் கடை வைத்திருந்தார். சுவரோடு சுவராகக் கண்ணாடித் தொட்டிகள், எல்லாவற்றிலும் குமிழி விடும் குட்டி மோட்டார்கள், நாள் முழுக்கத் தண்ணீரின் சலசலப்பு. அத்தனை தண்ணீருக்கு நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் மனுஷன் ஆசை தீர ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்க வழியில்லை. மூன்று வருஷத்துக்கு முன் இரண்டு சிறுநீரகங்களும் கையை விரித்துவிட்டன. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்து, இயந்திரம் வழியாக ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவார். சிறுநீர் என்ற ஒன்றே நின்றுபோனதால் குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் உடம்பில் தங்கி மூச்சை அடைக்கும். அதனால் ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில்தான் கணக்கு. தாகம் தாங்காதபோது ஐஸ் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வார்.

"இதுங்களைப் பாரு, கொடுத்து வச்ச ஜென்மங்க. எந்நேரமும் வாயைத் தொறந்தபடியே இருக்குதுங்க," என்பார் தங்கமீன்களைக் காட்டி.

டீச்சருக்குச் சிரிப்பு வராது. டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்: இதயம் களைத்துக்கொண்டே வருகிறது, இயந்திரத்தை நம்பி ரொம்ப நாள் ஓட்ட முடியாது. இறந்தவர்களின் குடும்பம் தானமாகத் தரும் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்து வைத்தாகிவிட்டது. ஆனால் அந்த வரிசையில் முன்னால் நிற்பவர்கள் ஏராளம், கொடுப்பவர்கள் குறைவு. இந்த வருஷத்துக்குள் ஏதாவது ஒரு வழி பிறந்தாக வேண்டும். அது வீட்டுக்காரருக்கும் தெரியும். தெரிந்துதான் அப்படிச் சிரித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வழி ஒரு சின்னப் பெண்ணின் ரூபத்தில் வந்தது. உறுப்பு மாற்றுப் பிரிவில் எல்லோரையும் ஒன்று சேர்க்கும் வேலை அவளுக்கு. கோஆர்டினேட்டர் என்று பெயர். "உங்களை மாதிரியே இன்னொரு ஜோடி இருக்காங்க," என்றாள். "அங்க மனைவிக்குக் கிட்னி வேணும், புருஷன் கொடுக்கத் தயார், ஆனா பொருந்தல. அவருடையது உங்க வீட்டுக்காரருக்குப் பொருந்துது. உங்களுடையது அந்தம்மாவுக்குப் பொருந்துது. மாத்திக்கலாம். சம்மதமா?"

டீச்சர் ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு முகம் முழுக்க வெளிச்சம் போட்டாற்போல் ஆகிவிட்டது. "அதாவது, பொண்ணு கொடுத்துப் பொண்ணு எடுக்கற மாதிரி!"

"அப்படியும் வச்சுக்கலாம்," என்று அந்தப் பெண் சொன்னது பெரிய தப்பு. அன்றிலிருந்து டீச்சருக்கு இது மருத்துவமாகவே தோன்றவில்லை. சம்பந்தம் பேசுகிற காரியமாகிவிட்டது.

இரண்டு நிபந்தனைகள் இருந்தன. கொடுக்கிற இருவருக்கும் ஒரே நேரத்தில் ஆபரேஷன். ஒருவர் வாங்கிக்கொண்டு மற்றவர் பின்வாங்கக் கூடாதல்லவா? இன்னொன்று, நால்வரும் அந்த நாள் வரை நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். ஒருவருக்குச் சளி பிடித்தாலும் நால்வருக்கும் நின்றுபோகும்.

இரு வீட்டாரும் முதன்முதலாகச் சந்தித்தது ஆஸ்பத்திரியின் ஒரு சின்ன அறையில். சிறுநீரகம் வாங்கப்போகிற எதிர்த்தரப்பு அம்மாள் தபால் நிலையத்தில் வேலை பார்ப்பவர். ஒல்லி. மூக்கு நுனியில் கண்ணாடி. எடை போட வந்த பார்சலைப் பார்ப்பது போல் டீச்சரை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"நீங்க எப்பவுமே இப்படிக் கத்தித்தான் பேசுவீங்களா? பிரஷர் ஏதும் இல்லையே?"

"என் தொழில் அப்படி. மெதுவா பேசினா வண்டி சுவத்துல போய் நிக்கும்," என்றாள் டீச்சர். "பிரஷர், சுகர் ஒண்ணும் கிடையாது. என் கிட்னியைக் குறை சொல்ல ஒருத்தர் பிறந்து வரணும். உங்க வீட்டுக்காரர் என்ன, இவ்வளவு சாதுவா இருக்காரே, ஆள் சுறுசுறுப்புதானா?"

சாது என்று சொல்லப்பட்டவர் மெத்தைக் கடைக்காரர். பெரிய உடம்பு, மெல்லிய குரல். தான் விற்கும் சரக்கைப் போலவே இருந்தார். "காலையில எழுந்திரிக்க மட்டும் கொஞ்சம் சிரமங்க," என்று உண்மையைச் சொல்லி, மனைவியிடம் ஒரு முறைப்பை வாங்கிக்கொண்டார்.

"பார்த்தீங்களா? கடைசியில நமக்கு வாய்ச்சது ஒரு தூங்குமூஞ்சிக் கிட்னி," என்று டீச்சர் வீட்டுக்காரரின் காதைக் கடித்தாள். அவளுக்குக் காதைக் கடிப்பதும் உரக்கத்தான் வரும். அறை முழுக்கக் கேட்டது. தபால் அம்மாளின் கண்ணாடி இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியது. ஆண்கள் இருவரும் அதற்குள் சிநேகமாகி, மீன்கள் தூங்குமா தூங்காதா என்று பேசத் தொடங்கிவிட்டார்கள்.

சாதாரணச் சம்பந்தத்தில் கொடுக்கிற வீட்டார் பணிந்து போவார்கள், எடுக்கிற வீட்டார் முறுக்கிக்கொள்வார்கள். இங்கே இருவரும் கொடுக்கிறவர்கள், இருவரும் எடுக்கிறவர்கள். அதனால் யார் முறுக்கிக்கொள்வது என்று தெரியாமல் இரண்டு பெண்களும் முறுக்கிக்கொண்டார்கள். தினமும் போன். "உங்க வீட்டுக்காரர் இன்னிக்குத் தும்மினாரா?" என்று இங்கிருந்து போகும். "நீங்க வெயில்ல சுத்தினதா கேள்விப்பட்டேன்?" என்று அங்கிருந்து வரும். ஒரு நாள் மெத்தைக்காரர் ஒரே ஒரு தடவை தும்மியதற்கு டீச்சர் மூன்று முறை போன் போட்டாள். பஞ்சுத் தூசி என்று தெரிந்த பிறகுதான் அவளுக்குச் சாப்பாடு இறங்கியது.

ஆபரேஷனுக்கு ஒரு வாரம் இருக்கும்போது மெத்தைக்காரருக்கு ஒரு பயம் வந்தது. டீச்சர் இன்னும் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஓட்டத் தெரியாதவர்களின் பக்கத்தில் உட்காருவதே அவள் பிழைப்பு. தன் மனைவிக்குச் சேர வேண்டிய சிறுநீரகம் நாளெல்லாம் அப்படியா ஊர் சுற்ற வேண்டும்? மனுஷன் கடையைச் சாத்திவிட்டு, இரண்டு பெரிய தலையணைகளையும் ஒரு திண்டையும் தூக்கிக்கொண்டு டிரைவிங் ஸ்கூலுக்கு வந்துவிட்டார்.

"தப்பா நினைக்காதீங்க டீச்சர். இதை வயித்துப் பக்கமா வச்சுக்கோங்க. இது முதுகுக்கு. கிட்னி பின்னாடிதானே இருக்கு? நான் பின் சீட்ல ஒரு ஓரமா இருந்து பார்த்துக்கறேன்."

அன்றைக்குப் பயிற்சிக்கு வந்திருந்தவர் ஒரு பல் டாக்டர். ஊரார் வாயெல்லாம் கை நடுங்காமல் திறந்து பார்க்கிற அம்மாள், ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் நடுங்குவார். இடது பக்கம் தலையணைகளுக்கு நடுவில் டீச்சர் புதைந்து கிடந்ததைப் பார்த்ததும் அவருடைய மிச்சத் தைரியமும் போய்விட்டது.

"என்ன டீச்சர், நான் அவ்வளவு மோசமாவா ஓட்டறேன்?"

"உங்களுக்காக இல்ல, இது எங்க சம்பந்தி வீட்டு விவகாரம். ரிவர்ஸ் போடுங்க. மெதுவா. மெதுவா!"

பல் டாக்டர் மெதுவாகத்தான் தொடங்கினார். பின்னால் பார்க்கத் திரும்பியபோது, பின் கண்ணாடியை முழுக்க அடைத்தபடி மெத்தைக்காரரின் கவலை தோய்ந்த முகம். அதைப் பார்த்துப் பதறி ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டார். வண்டி பின்னோக்கிப் பாய்ந்தது. டீச்சர் தன் பக்கத்து பிரேக்கைத் தேடினால் திண்டுதான் காலில் தட்டுப்பட்டது. திண்டோடு சேர்த்து ஓங்கி மிதித்தாள். வண்டி ஒரு குப்பைத் தொட்டியைச் செல்லமாகத் தட்டிவிட்டு நின்றது. டீச்சருக்கு ஒரு கீறல் இல்லை. பெல்ட் போடாமல் முன்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மெத்தைக்காரர் முன் சீட்டில் முட்டிக்கொண்டார். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது.

"ஐயோ, கிட்னிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று டீச்சர் அலறினாள்.

"மூக்குங்க…" என்றார் அவர் பரிதாபமாக.

"மூக்கு கிடக்கட்டும்! இடுப்பைத் தொட்டுப் பாருங்க!"

பல் டாக்டர் பாய்ந்து இறங்கி வந்து, பழக்க தோஷத்தில் அவர் வாயைத் திறந்து பார்த்தார். "பல்லெல்லாம் கெட்டியா இருக்கு, கவலைப்படாதீங்க," என்றார்.

பெரிய டாக்டர் ஆடிப்போய்விட்டார். ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில் சிறுநீரகம் பத்திரம். மூக்குதான் வீங்கி இரண்டு மடங்காகியிருந்தது. "காயத்துல சீழ் பிடிச்சா தள்ளித்தான் போடணும்," என்று கண்டிப்பாகச் சொன்னார். "அதுவரைக்கும் கொடுக்கறவங்க ரெண்டு பேரும் இங்கேயே என் கண் முன்னால இருங்க. உங்களை வெளியே விட்டா நான்தான் ஆஸ்பத்திரியில படுக்கணும்."

டீச்சர் கணக்குப் போட்டாள். தள்ளிப்போனால் இன்னும் எத்தனை மாசமோ. அத்தனை மாசம் அந்த இதயம் தாங்குமா? தாங்காவிட்டால், இத்தனை வருஷம் பிரேக்கில் கால் வைத்துக் கட்டிக்காத்த பெயரெல்லாம் எதற்கு? இரண்டு குடும்பமும் ஒரு மூக்கைச் சுற்றி உட்கார்ந்தது. தபால் அம்மாள் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை கண்ணாடியை ஏற்றிவிட்டு அதைப் பரிசோதித்தார். டீச்சர் பூதக்கண்ணாடி கேட்டாள். வீட்டுக்காரர் டயாலிசிஸ் முடிந்து தள்ளாடியபடி வந்து, "ஒரு மூக்கால எனக்கு மூச்சு வரணும்னு எழுதியிருக்கு," என்று சொல்லிச் சிரித்தார். தபால் அம்மாள்கூட முதல்முறையாகச் சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு, டீச்சர் பார்த்துவிடப் போகிறாள் என்று திரும்பிக்கொண்டார்.

மூக்கு பெரிய மனது பண்ணி வற்றியது.

குறித்த காலையில் நால்வரையும் தள்ளு கட்டிலில் வரிசையாகக் கொண்டுபோனார்கள். வீட்டுக்காரர் டீச்சரின் கையைப் பிடித்தார். சிரிப்பார் என்று பார்த்தால் சிரிக்கவில்லை. "பயமா இருக்கும்மா," என்றார். அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. "நான் இருக்கேன்ல?" என்றாள் அவள். இருந்தாளே தவிர, அவளுக்கும் பயம்தான். நல்லவேளையாக அதற்குள் மயக்க மருந்து வந்துவிட்டது.

கண் விழித்தபோது கோஆர்டினேட்டர் பெண் குனிந்து நின்றுகொண்டிருந்தாள். டீச்சருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. கண்ணாலேயே கேட்டாள்.

"ஓடுது டீச்சர்! தைச்சு முடிக்கறதுக்குள்ளேயே ஓட ஆரம்பிச்சிடுச்சு. பெரிய டாக்டர் சட்டையில எல்லாம் அடிச்சிருச்சு!"

ஓடியது வீட்டுக்காரரின் சிறுநீர். மற்ற வீடுகளில் நல்ல செய்தி என்றால் குழந்தை, வேலை, வீடு என்று இருக்கும். இந்த வார்டில் நல்ல செய்தி என்பது கட்டிலோரம் தொங்கும் பையில் மஞ்சளாக நிறைவது. டீச்சர் வலியை மறந்து சிரிக்கப் போனாள். தையல் சுள்ளென்று இழுத்தது. இதற்கென்றே மெத்தைக்காரர் எல்லோருக்கும் ஆளுக்கொரு சின்னத் தலையணை தைத்துக் கொண்டுவந்திருந்தார். சிரிப்போ இருமலோ வந்தால் வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். அவள் அதை இறுக அணைத்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள்.

பிறகுதான், "அந்தம்மாவுக்கு?" என்று கேட்டாள்.

அந்தப் பெண்ணின் முகம் ஒரு கணம் தயங்கியது. "வரும். கொஞ்சம் நேரம் எடுக்குது."

மறுநாளும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. தபால் அம்மாளை மீண்டும் இயந்திரத்தில் போட்டார்கள். அபூர்வமாக இப்படி ஆவதுண்டு என்றார் பெரிய டாக்டர். ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது, இடம் மாறிய அலுப்பில் தூங்குகிறது, தானாக எழுந்துகொள்ளும், பெரும்பாலும். அந்தப் பெரும்பாலும் என்ற ஒரு சொல் டீச்சரைப் பிடித்து ஆட்டியது. அவர்கள் வீட்டிலிருந்து தங்கமானதை வாங்கிக்கொண்டு, பதிலுக்குச் சொத்தையைத் தள்ளிவிட்டாள் என்று ஆகிவிடுமோ? தலை நிமிர்ந்து அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பாள்? எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த ஒல்லி அம்மாளை நினைத்துத்தான் அவளுக்குத் தாங்கவில்லை. அவரைப் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அது பொய் என்று இப்போது தெரிந்தது.

வீட்டுக்காரரைக் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றுதான் பார்க்க விட்டார்கள். தொற்று வந்துவிடக் கூடாதென்று தனி அறை. முகத்தில் மூன்று வருஷமாகக் காணாத நிறம் வந்திருந்தது. மேஜையில் பெரிய ஜாடி நிறையத் தண்ணீர். நன்றாகக் குடிக்க வேண்டும் என்று இப்போது உத்தரவு. தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"என்னங்க, குடிங்க!" என்றாள் டீச்சர், சுவரில் இருந்த போனை எடுத்து.

"அங்க அந்தம்மா ஐஸை வாயில வச்சுகிட்டு இருக்காங்களாம். நான் மட்டும் எப்படிக் குடிக்கறது?"

உள்ளே அவர் பின்னால் நின்ற நர்ஸ் விட்டார் ஒரு டோஸ். "நீங்க குடிக்கலேன்னா இதுவும் படுத்துக்கும். அப்புறம் ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து நான் பதில் சொல்லணும். குடிங்க!"

அவர் குடித்தார். ஒரே மூச்சில், தொண்டை ஏறி இறங்க, முழுத் தம்ளரையும். குடித்துவிட்டுக் குழந்தை மாதிரி தேம்பினார். டீச்சர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் தேம்பினாள். நர்ஸ் அடுத்த தம்ளரை ஊற்றினார்.

அன்று சாயங்காலம் மெத்தைக்காரர் மருந்து பாட்டில் தொங்கும் கம்பியைத் தள்ளிக்கொண்டு, ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி டீச்சரின் அறைக்கு வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று அவள் நினைத்தாள். திட்டட்டும், நியாயம்தான் என்றும் நினைத்தாள்.

"என்னை மன்னிச்சிடுங்க," என்று முந்திக்கொண்டாள். "உங்களைத் தூங்குமூஞ்சின்னு சொன்னேன். உங்க கிட்னி இங்க வந்து குதிரை மாதிரி ஓடுது. நாளெல்லாம் ஊரைச் சுத்தற என்னோடது, உங்க வீட்ல போய்க் குறட்டை விடுது."

மெத்தைக்காரர் நாற்காலியில் ஜாக்கிரதையாக அமர்ந்தார். "எங்க வீட்டுக்கு முதல் தடவை யார் வந்தாலும் தூங்கிடுவாங்க டீச்சர். மெத்தை அப்படி."

டீச்சர் அவரையே பார்த்தாள். பிறகு தலையணையைத் தேடினாள். அவரும் தன் தலையணையைத் தேடினார். இருவரும் வயிற்றை அணைத்துக்கொண்டு, ஐயோ வலிக்கிறதே என்று கத்திக்கொண்டே சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவள் மனதில் இருந்த பாரம் பாதி இறங்கிவிட்டது. இறங்காத பாதியைத் தூக்கிக்கொண்டு, அவர் துணையோடு மெல்ல நடந்து, தபால் அம்மாளின் கண்ணாடித் தடுப்புக்கு வந்து சேர்ந்தாள்.

உள்ளே அந்த அம்மாள் ஓய்ந்து படுத்திருந்தார். கண்ணாடியில்லாத முகம் சின்னப் பெண்ணின் முகமாக இருந்தது. போனை எடுத்து, "வாங்க," என்றார் ஈனஸ்வரத்தில். "உங்களைப் பத்திதான் நினைச்சுகிட்டு இருந்தேன். நீங்க மனசு கஷ்டப்படாதீங்க. எனக்கு எழுதினது அவ்வளவுதானோ என்னமோ."

கோபம் என்று ஒன்று இருந்தால் டீச்சர் தாங்கியிருப்பாள். இதை அவளால் தாங்க முடியவில்லை. "எழுதறதாவது, அழிக்கறதாவது! போனை உங்க வயித்துகிட்ட வைங்க!"

"என்னது?"

"வைங்கன்னு சொல்றேன்ல!"

தபால் அம்மாள் மிரண்டுபோய்ப் போனைத் தன் அடிவயிற்றில், புதிய சிறுநீரகத்தை வைத்துத் தைத்திருந்த பக்கமாக வைத்தார். டீச்சர் மூச்சை இழுத்தாள்.

"ஏய்! என்ன நினைச்சுகிட்டு இருக்கே? ரோட்டு நடுவுல வண்டியை நிறுத்திட்டு வேடிக்கையா? பின்னாடி எல்லாரும் ஹாரன் அடிக்கறாங்க, காதுல விழலையா? கிளட்ச்சை மெதுவா விடு! பயப்படாதே, நான் பிரேக்ல கால் வச்சிருக்கேன். உனக்கு வரும். எனக்குத் தெரியும், உனக்கு வரும். நீ எங்க வீட்டு ஆளு. போற இடத்துல நம்ம மானத்தை வாங்காதே!"

வார்டே நின்றுவிட்டது. மருந்து வண்டி தள்ளிய ஆள் நின்றார். பெரிய டாக்டர் பக்கத்து அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். உள்ளே தபால் அம்மாள் கட்டிலில் சுருண்டு, தலையணையை அணைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். "போதும், போதும், தையல் பிரிஞ்சிடும்," என்று வாயசைப்பது தெரிந்தது.

அதட்டல் கேட்டுச் சிறுநீரகம் விழித்துக்கொண்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்குக் காது கிடையாது. அன்றும் பை காலிதான், மறுநாள் காலையும் காலிதான். மறுநாள் மத்தியானம் அது தன் அலுப்பு தீர்ந்து, தன் சௌகரியத்துக்குத்தான் எழுந்தது. முதலில் ஒரு சொட்டு. பிறகு இரண்டு. நர்ஸ் அதை யாரிடமும் சொல்லாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாராம், பொய்யாகிவிடப் போகிறதே என்று. பை கால்வாசி நிறைந்த பிறகுதான் சொன்னார். மெத்தைக்காரர் மருந்துக் கம்பியோடு நடைபாதையில் ஓட முடியாமல் ஓடி வந்து, "டீச்சர்! வருது டீச்சர்! நல்ல மஞ்சள்! என்ன ஒரு நிறம்!" என்று கூவினார். பார்வையாளர் நேரம். முன்பின் தெரியாதவர்களெல்லாம் ஏதோ தங்கத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டுக்குப் போகலாம் என்று டீச்சருக்குச் சொன்ன அன்று, விடைபெற்றுக்கொள்ளத் தபால் அம்மாளிடம் போனாள். சிறுநீர் பைக்குப் போகச் செருகியிருந்த குழாயை முந்தின நாள்தான் எடுத்திருந்தார்கள். அம்மாள் எழுந்து உட்கார்ந்திருந்தார், கண்ணாடி மூக்கு நுனியில். ஆனால் கண்கள் சிவந்து, இமைகள் வீங்கி, தூங்காத முகம்.

"என்ன ஆச்சு? ஏன் இப்படி இருக்கீங்க?"

"உங்க வீட்டு ஆளு என்னைத் தூங்கவே விடல," என்றார் தபால் அம்மாள் போனில், பழைய கண்டிப்போடு. "ராத்திரி பூரா எழுப்பிகிட்டே இருந்தா. அப்பதான் கண்ணசருவேன், எழுந்திரு, போன்னு ஒரே விரட்டல்."

"ஐயோ… அது என் புத்தி. மன்னிச்சிடுங்க. கொஞ்ச நாள்ல அடங்கிடும்."

"மன்னிப்பு எதுக்குக் கேக்கறீங்க?" அம்மாளின் குரல் உடைந்தது. "பாத்ரூம் போகணும்னு நான் முழிச்சு நாலு வருஷம் ஆச்சு டீச்சர். ஒவ்வொரு தடவையும் அழுதுகிட்டே போனேன். சிரிச்சுகிட்டே வந்து படுத்தேன். மறுபடி எப்ப எழுப்புவான்னு காத்துகிட்டு படுத்திருந்தேன்."

டீச்சருக்குச் சந்தோஷத்தில் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. தன் குரல்தானா என்று தனக்கே சந்தேகமாகும்படி அவ்வளவு மெதுவாக, பெண்ணைக் கொடுத்துவிட்டுக் கிளம்பும் தாய் போலக் கேட்டாள்.

"அப்ப நாங்க கிளம்பட்டுமா?"

"தைரியமா போயிட்டு வாங்க," என்றார் தபால் அம்மாள், ஒரு கையை வயிற்றின் மேல் வைத்து. "இவளை நான் பார்த்துக்கறேன்."